அகழாய்வுக் குழியில் எங்கள் நாட்கள்

அகழாய்வு என்றதும் புதையல் என்று எண்ணுவோர் இன்றும் உளர். வைகைக் கரையில் கூலிக்குச் சென்ற எங்களிடமும் ஊரார், “பொன் கிடைத்ததா?” என்றே கேட்டனர். கிடைத்தவை பெரும்பாலும் பானை ஓடுகளே.

வெயில் ஏறுமுன் வேலை தொடங்கும். பத்து மீட்டர் சதுரத்தை நான்காகப் பகுத்து, இடையே மண்வரம்பு விட்டுத் தோண்டுவர். வரம்பின் ஓரத்தை மிதித்தலாகாது. அதன் பக்கச்சுவரில்தான் மண்ணடுக்குகளைப் படிக்கின்றனர். மண்வெட்டி சிறிது நேரமே. பிறகு சிறு கொத்து, கரண்டி, தூரிகை. மண்ணின் நிறம் மாறுவதையும், கொத்தின் ஓசை மாறுவதையும் முதலில் உணர்வது தோண்டுபவன் கையே. அவன் நிறுத்தினால்தான் அளவெடுப்பும் படமெடுப்பும் நடைபெறும். கரித்துண்டு தென்பட்டால் வெறுங்கையால் தொடுவதில்லை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியே, அவ்வூரின் காலத்தைக் கி.மு. 580 எனக் காட்டிற்று. அம்முடிவு 2019இல் வெளியாயிற்று. அக்கரியைக் கண்டு கொத்தை நிறுத்திய கை யாருடையதோ!

பெண்கள் கூடை சுமப்பர், மண் சலிப்பர், ஓடு கழுவுவர். கூலியில் குறைந்தது போலத் தோன்றும் இக்கழுவும் வேலையைத்தான் நாங்கள் பெரிதென மதிக்கிறோம். குழியில் ஓட்டை மண் மூடியிருக்கும். கழுவும் தொட்டியில்தான் கீறல் வெளிப்படும். கீழடி ஓடுகளில் ‘ஆதன்’ முதலிய ஆட்பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஒருவர் தம் பானையில் தம் பெயரைக் கீறினார். அத்தகைய எழுத்தை இன்று முதலிற் காண்பவள் கைநாட்டு வைத்துக் கூலி பெறுகிறாள்! எங்களோடு பணிபுரிந்த மூத்த தாய் ஒருவர், கோடு தெரிந்த ஓடுகளையெல்லாம் தனியே முந்தானையில் வைத்துக் காத்து, மாலையில் ஒப்படைப்பார். பெரும்பாலும் அவை வெறுங்கீறல்களே. ஆயினும் எழுத்துள்ள ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. கூலிப் பதிவேட்டில் அவர் பெயர் உண்டு; அச்சிடும் அறிக்கைகளில் இத்தகையோர் பெயர் வருவது அரிது.

இளைஞர்களே, தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை ஈராண்டுத் தொல்லியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. குழிக்குள் நம்மவர் பலர் உளர். குழியின் மேல் நின்று குறிப்பெழுதுவோரில் சிலரே. நம் இரவுப்பள்ளியில் படித்த பெண் ஒருத்தி, சென்ற பருவத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கழுவி உலர்ந்த ஓடுகளில் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் மையால் எழுதும் பணிக்கு அமர்ந்தாள். அந்தத் தாயின் முந்தானை ஓடுகளுக்கும் அவளே எண் இட்டாள்.