இடிப்பதா, காப்பதா?

மாணவச் செல்வங்களே,

பொதுமக்கள் கூடிப் பயன்படுத்திய பழைய கட்டடம் ஒன்று பழுதுபட்டு நிற்கிறது. அதனை இடித்துவிடுவதா, செப்பனிட்டுக் காப்பதா? பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நீங்கள் சொற்போருக்கு எடுத்துக்கொள்ளத் தக்க பொருள் இது. இவ்வழக்கில் ஒரு முறை தீர்ப்புச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். ஆதலால், என் கதையை முதலில் சொல்லிவிடுவதே முறை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஊரில் ஒரு வாசகசாலை இருந்தது. ஊரார் தம்மால் இயன்றதைக் கொடுத்துக் கட்டிய கட்டடம் அது. காலையில் முதியோர் நாளிதழ் படிப்பர்; மாலையில் இளைஞர் கூடிப் பேசுவர்; தேர்வுக் காலத்தில், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை அங்கே படிப்பர். மழைக்காலத்தில் தளம் ஒழுகத் தொடங்கிற்று. "இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவோம், வரும் வாடகையைக் கொண்டு மாடியில் புதிய வாசகசாலை அமைப்போம்" என்றனர் சிலர். இதனை ஆராய அமைத்த குழுவில் நானும் ஓர் உறுப்பினன். இடிப்பதற்கு ஆதரவாகக் கை உயர்த்தினேன்.

கடைகள் எழுந்தன. வாடகையும் தவறாமல் வந்தது. அப்பணத்தில் குடிநீர்க் குழாய்களும் தெருவிளக்குகளும் வந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாடி மட்டும் எழவே இல்லை. அவ்வாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, இனி நாங்கள் எங்கே படிப்பது?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

இதனால், இடிப்போர் யாவரும் தவறிழைப்போர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்தம் வாதத்திலும் வலு உண்டு. உயிருக்கு ஊறு விளைவிக்கும் சுவரைப் பழமை என்ற ஒன்றிற்காகவே நிறுத்தி வைத்தல் அறமாகாது. ஊர் வளர்கிறது, சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும், பொதுப்பணம் அளவுடையது. காப்போர் கட்சியோ இவ்வாறு கூறும்: கட்டடம் ஊரின் நினைவு, பலர் கொடுத்த பொருளால் எழுந்ததைச் சிலர் கூடி அழித்தல் முறையன்று, இடித்தபின் வருந்தினாலும் மீட்க இயலாது.

இவ்விரு கட்சிகளும் நேர் நின்று வாதிட்ட ஒரு வழக்கைச் சிங்கப்பூரில் காணலாம். அந்நகரின் ஸ்டாம்போர்டு சாலையில் செந்நிறச் செங்கற்களால் கட்டப்பட்ட தேசிய நூலகம் ஒன்று இருந்தது. 1953-ஆம் ஆண்டில் லீ கோங் சியான் என்ற வள்ளல் அதற்காக 3,75,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் எவரிடமும் கட்டணம் பெறுதல் கூடாது. அந்நாட்டு மக்களின் தாய்மொழி நூல்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1960-இல் கட்டடம் திறக்கப்பெற்றது. சீனம், மலாய், ஆங்கில நூல்களோடு தமிழ் நூல்களும் அங்கே இடம்பெற்றன.

பின்னர், போக்குவரத்து நெரிசலைக் குறைக்க ஒரு சுரங்கச் சாலை தேவைப்பட்டது. அதன் வழியில் நூலகம் நின்றது. கட்டடக் கலைச் சிறப்பு அதற்கு அதிகமில்லை என்றனர் திட்டமிட்டோர். "நாங்கள் படித்து வளர்ந்த இடமன்றோ அது!" என்றனர் மக்கள். செய்தித்தாள்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. 2000-ஆம் ஆண்டில் டே கெங் சூன் என்ற கட்டடக் கலைஞர், நூலகத்தைக் காப்பாற்றும் மாற்று வரைபடம் ஒன்றையே முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. 2004, மார்ச்சு 31 அன்று நூலகம் மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. 2005-இல் வேறிடத்தில் மிகப் பெரிய புதிய நூலகம் திறக்கப்பெற்றது. பழைய கட்டடத்தின் செங்கற்கள் சில அங்கே நினைவாகப் பாதுகாக்கப்படுகின்றன. நூல்கள் பெருகின, வசதிகளும் பெருகின. ஆயினும், பழைய கட்டடத்தைப் பற்றிய ஏக்கம் அம்மக்களிடையே இன்றும் மறையவில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். கடற்கரைச் சாலையில் வெண்ணிறத் தூண்களோடு விளங்கும் காவல்துறைத் தலைமையகத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். 1839-இல் ஒரு சங்கத்தாரின் கூட்ட மண்டபமாகக் கட்டப்பட்டது அது. பிற்காலத்தில் காவல்துறைக்கு உரியதாயிற்று. 1993-இல், இடம் போதவில்லை என்று அதனை இடித்துவிட முடிவு செய்தனர். மரபுச் சின்னங்களில் ஆர்வமுடையோர் நீதிமன்றத்தை நாடினர். முடிவில், இடிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. பழைய கட்டடம் செப்பனிடப்பெற்றது. காவல்துறையின் பணியும் தொடர்கிறது; பழைய கட்டடமும் நிற்கிறது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று புலனாகும். 'இதுவா, அதுவா' என்று கேட்கும்போதே நாம் பாதி தோற்றுவிடுகிறோம். 'இரண்டிற்கும் வழி உண்டா?' என்று முதலில் கேட்டல் வேண்டும். எல்லா இடத்திலும் வழி இராது. ஆனால், தேடிய பின்னரே அதனைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

அடுத்து, பழுதின் காரணத்தை அறிதல் வேண்டும். நம் நாட்டுப் பழைய கட்டடங்களிற் பல சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அச்சுவர் ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். தளத்தில் முளைத்த ஆலங்கன்றைக் காலத்தில் பிடுங்காவிடில், அதன் வேர் காரையைப் பிளக்கும். பல கட்டடங்களை அழிப்பது முதுமையன்று, நம் கவனக்குறைவே. எங்கள் வாசகசாலையைத் தகுந்த பொறியாளரிடம் நாங்கள் காட்டவேயில்லை. தளத்தை மட்டும் புதுப்பித்தால் போதுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் தவறு அங்கேதான் தொடங்கியது.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கட்டடம் ஒன்று இருக்கலாம். சத்திரமோ, சாவடியோ, படிப்பகமோ, நாடகக் கொட்டகையோ. விடுமுறை நாளில் அங்கே செல்லுங்கள். அதனைக் கட்டியவர் யார், எதற்காகக் கட்டினர், இன்று யார் பயன்படுத்துகின்றனர் என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். இடிக்கும் பேச்சு எழுந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: தகுதியுடையவர் ஆய்ந்து பார்த்தனரா? செப்பனிட ஆகும் செலவு என்ன? இடித்தால், இங்கு வருகின்ற எளியவர் நாளை எங்கே செல்வர்?

முதலிரண்டிற்கும் பொறியாளர் விடை கூறுவார். மூன்றாவதற்கு ஊரார்தாம் விடை கூற வேண்டும். அவ்விடை கிடைக்கும் வரை எவரும் கை உயர்த்த வேண்டா என்பதே, ஒரு முறை அவசரப்பட்டுக் கை உயர்த்திய இம்முதியவனின் வேண்டுகோள்.