மூத்த மகனும் ஓர் ஆட்டுக்குட்டியும்

(தவக்காலத்தின் நான்காம் ஞாயிறையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தவக்காலத்தின் நான்காம் ஞாயிறை மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை வழங்கிவருகிறது. தவக்காலம் முழுவதும் பூ இல்லாமல் இருக்கும் பீடத்தில் இந்த ஞாயிறன்று பூ வைக்கலாம். பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலித்த இசைக்கருவிகள் தனித்தும் ஒலிக்கலாம். குருவானவர் ஊதா உடைக்குப் பதிலாக ரோஜா நிற உடை அணியலாம். நம் கிராமக் கோவில்கள் பலவற்றில் ரோஜா நிற உடையே கிடையாது. அதனால் இந்த ஞாயிறு வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. நோன்பின் நடுவே திருச்சபையே ஒரு நாளை மகிழ்ச்சிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம்.

இவ்வாண்டு இந்த ஞாயிறுக்குரிய நற்செய்தி லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமை. வழக்கமாக நாம் இளையவனோடு தூர தேசம் போய், பன்றித் தொழுவத்தில் நின்று, அவனோடு திரும்பி வந்து, தந்தையின் அணைப்போடு மறையுரையை முடித்துவிடுவோம். இன்று கொஞ்சம் வயல்பக்கம் போய் மூத்தவனோடு நிற்போம்.

மூத்தவனைப் பொறாமைக்காரன் என்று சொல்வது எளிது. ஆனால் அவன் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். இத்தனை ஆண்டுகள் அடிமைபோல் உழைத்திருக்கிறான். தந்தையின் சொல்லை ஒருநாளும் மீறியதில்லை. ஆனாலும் தன் நண்பர்களோடு கூடி மகிழ ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தனக்குத் தந்ததில்லை என்கிறான். கொழுத்த கன்றை அவன் கேட்கவில்லை, சொத்தில் பங்கு கேட்கவில்லை. ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான். தந்தையோ, என்னிடம் இருப்பதெல்லாம் உன்னுடையதுதானே என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே. ஆட்டுக்குட்டி பட்டியில்தான் இருந்தது. மகனுக்குக் கேட்கத் தெரியவில்லை. வேலை, வேலை என்று வருடங்கள் போய்விட்டன. ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவன் மகனாக இல்லாமல் கூலியாளாக ஆகிவிட்டான். நமக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

ஏனென்றால் மார்ச் மாதத்தில் வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் இந்த மூத்த மகனையும் மூத்த மகளையும் பார்த்துவருகிறோம். பொதுத்தேர்வு மாதம். கதவைத் திறக்கும் தாய் உதட்டில் விரல் வைத்து, ‘மெல்லப் பேசுங்க ஃபாதர், பிள்ளை படிக்கிறா’ என்கிறார். செபமும் மெல்லிய குரலில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் ஒரு மகளைப் பற்றி அவளுடைய தாய் பெருமையாகச் சொன்னார்: ‘கிறிஸ்துமஸுக்குப் பிறகு இவ பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் தவிர வாசலைத் தாண்டல.’ அந்தப் பிள்ளையிடம், ‘பரீட்சை முடிந்ததும் என்னம்மா செய்யப்போகிறாய், எதில் உனக்கு ஆசை?’ என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, ‘தெரியல ஃபாதர்’ என்றாள். பதினேழு வயதில் தனக்கு எது மகிழ்ச்சி என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவில்லை. அவள் நல்ல பிள்ளை. ஒருநாளும் சொல் மீறாதவள். அதுதான் நமக்குக் கவலை தருகிறது.

அதே வாரத்தில் இன்னொரு தாய் கேட்டார். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். இரண்டு சிறு பிள்ளைகள். ‘தவக்காலத்துல பிள்ளைகளை எங்கயாவது கூட்டிட்டுப் போகலாமா ஃபாதர்? அத்தை கூடாதுங்காங்க’ என்றார். அத்தை சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தவக்காலத்தில் தலையில் பூ வைக்காத, வீட்டில் விசேஷம் வைக்காத தலைமுறை அது. அந்த ஒறுத்தலை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் திருநீற்றுப் புதனன்று நாம் கேட்ட நற்செய்தி என்ன? மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், நோன்பிருக்கும்போது முகத்தை வாட வைத்துக்கொள்ளாதீர்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்றல்லவா ஆண்டவர் சொல்கிறார்? நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாளில் நாம் கேட்டது இதைத்தான். ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதில்: போகலாம் அம்மா, அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தவக்காலத்துக்கு ஆங்கிலத்தில் லென்ட் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அது வசந்தத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பகல் நீளத் தொடங்கும் காலம் என்று பொருள். நம் பஞ்சாங்கப்படி மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையில்தான் இளவேனில். ஆனால் மரங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அரசமரம் இலை உதிர்த்து செம்பு நிறத்தில் துளிர்விடுகிறது. கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. மாமரத்தில் பூ கொட்டி வடு பிடிக்கிறது. தெற்கே பனங்காடுகளில் பதநீர் இறங்கத் தொடங்குகிறது. அத்திமரம் துளிர்ப்பதைப் பார்த்துக் காலம் அறியச் சொன்னவர் நம் ஆண்டவர். நம் பிள்ளைகளோ, பள்ளி வேனின் சன்னல் வழியாக இவற்றையெல்லாம் பார்த்தும் பாராமலும் போய்வருகிறார்கள்.

மொட்டைமாடியிலிருந்தே தொடங்கலாம். உயிர்ப்புப் பெருவிழா ஏன் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு நாளில் வருகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு ஞாயிறு. அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் அமையலாம். இதை வாயால் சொன்னால் அடுத்த நாளே மறந்துவிடும். மாலையில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போய் மேற்கே பிறையைக் காட்டுங்கள். தினமும் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கட்டும். அந்தப் பௌர்ணமி என்று வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இஸ்ரயேல் மக்கள் எகிப்திலிருந்து புறப்பட்டதும், கதிர் பசுமையாக இருக்கும் ஆபிபு மாதத்தில்தான் என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. இதன் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. கேள்வி கேட்கும் அளவுக்கு நாம் அவர்கள் பக்கத்தில் இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

அடுத்து புத்தகம். தவக்காலத்தில் வீட்டில் விவிலியம் வாசியுங்கள் என்று நாங்கள் குருக்கள் எப்போதும் சொல்வதுதான். அதைச் செய்யுங்கள். அதோடு இன்னொன்றையும் சொல்கிறோம்: சேர்ந்து சிரிக்க ஒரு புத்தகம் வாசியுங்கள். வளனாரின் வாழ்வை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடிய வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஓர் இயேசு சபைக் குரு தமிழ்ப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சிரிப்பு அது. குருவும் ஐந்து சீடர்களும் ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்த்து, பயந்து பயந்து அக்கரை சேருகிறார்கள். அங்கே தலை எண்ணினால் ஒருவர் குறைகிறார். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆற்றோடு ஒருவன் போய்விட்டான் என்று எல்லாரும் சேர்ந்து அழுகிறார்கள். இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளையை நாம் இன்னும் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கு இதில் வேறொன்றும் இருக்கிறது. குடும்பத்துக்கு என்ன குறை, யார் சரியில்லை என்று நாம் எண்ணிக்கொண்டே இருக்கிறோம். எண்ணிக்கையில் விடுபட்ட ஆள் பெரும்பாலும் எண்ணுகிறவர்தான். வெளிநாட்டில் இருக்கும் தந்தை இரவு எட்டு மணிக்குக் காணொளியில் வந்து பிள்ளையிடம் பாடம் கேட்கிறார். இங்கே உள்ளூரில் இருக்கும் தந்தை அதே எட்டு மணிக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பேசியோடு இருக்கிறார். இவர்களில் யார் வீட்டில் இருக்கிறார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

‘இதற்கெல்லாம் நேரம் இருப்பவர்களுக்குச் சரி’ என்று சிலர் நினைக்கலாம். நியாயமான பேச்சுதான். எங்கள் பக்கத்தில் தாய்மார் பலர் இரவு வெகுநேரம் வரை பீடி சுற்றுகிறார்கள். முறத்தை மடியில் வைத்தால் எண்ணிக்கை முடியாமல் எழ முடியாது. அவர்களிடம் போய்ப் பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் போங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் ஒரு வீட்டில் நாம் பார்த்தோம். தாய் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த கதையை உரக்க வாசிக்கிறான். தவறாக வாசிக்கும்போது தாய் தலை நிமிராமலே திருத்துகிறார். கை நிற்கவில்லை, கதையும் நிற்கவில்லை.

கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாசரேத்தில் ஆண்டவர் தச்சர் என்றே அறியப்பட்டார். மாற்கு 6ஆம் அதிகாரத்தில் ஊர்மக்கள் அப்படித்தான் அவரைக் குறிப்பிடுகிறார்கள். உளி பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் வளனார். மார்ச் 19 அவருடைய பெருவிழா. உளி வேண்டாம், நமக்குப் பனையோலை இருக்கிறது. கீற்றிலிருந்து ஈர்க்கைக் கிழித்தெடுத்துவிட்டு, ஓலையை மடித்துப் பின்னி உடைமுள்ளில் குத்தினால் காற்றாடி. அதே ஓலையில் பந்து, கிளி, கிலுகிலுப்பை எல்லாம் வரும். மணப்பாட்டில் இந்த ஓலைப் பின்னலே பெண்கள் பலருக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இவையெல்லாம் கைவந்த வேலை. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டோம். ஒரு கட்டு ஓலையை அவர்கள் முன் போட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்திப் பாருங்கள். கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டே பின்ன ஆரம்பித்துவிடுவார்கள்.

வெளியே போவதென்றால் எங்கே போவது? நெல்லைச் சீமையில் இருப்பவர்களுக்கு நாம் கூந்தன்குளத்தைச் சொல்வோம். நாங்குநேரிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஊர். டிசம்பர் வாக்கில் வரத் தொடங்கும் பறவைகள், பங்குனியில் குஞ்சுகளோடு இருக்கும். கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவோர மரங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் கூடு கட்டுகின்றன. கீழே ஆட்கள் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள், மேலே நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருக்கும். வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து தங்கிவிட்டு, வெயில் ஏறும் இந்த நாட்களில் திரும்பிப் போகும். பறவைகளுக்காக ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாகப் போடுகிறார்கள். 2022இல் இந்தக் குளம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பட்டியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கிராமத்தார் காவல் காத்துவந்தார்கள். வானத்துப் பறவைகளை உற்றுநோக்குங்கள் என்று ஆண்டவர் சொன்னதை நாம் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், ஒருமுறையாவது செய்து பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டில் குளம் வற்றிவிடும், ஆகவே விசாரித்துக்கொண்டு போங்கள். புளியோதரையும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். கூட்டின் பக்கத்தில் போய்ச் செல்ஃபி எடுக்கவும் வேண்டாம்.

தேர்வு எழுதும் பிள்ளைகளை இப்போதே கூந்தன்குளம் கூட்டிப்போங்கள் என்று நாம் சொல்லவில்லை. தேர்வு முடியட்டும். அதுவரை மாலையில் அரைமணி நேரம் மாடியில் நிலா பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடாது. அந்த அரைமணியில் பாடத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் பெரிய கடைகளுக்கும் கூட்டிப்போவது குற்றமல்ல. ஆனால் அங்கே பிள்ளை வரிசையில் நிற்கும், நாம் பில் கட்டிக்கொண்டிருப்போம். திரும்பி வரும்போது எல்லாருக்கும் களைப்பாக இருக்கும், பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. நோன்பில் மிச்சம் பிடித்த பணம் ஏழைகளுக்குரியது, அதில் மாற்றமில்லை. நோன்பில் மிச்சம் பிடித்த நேரத்தைக் கொஞ்சம் வீட்டில் இருக்கும் மூத்த மகனுக்கும் மகளுக்கும் கொடுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். நாமாகத்தான் பட்டிக்குப் போய் ஆட்டுக்குட்டியைப் பிடித்துவர வேண்டும்.

இன்னும் இரண்டு வாரத்தில் குருத்து ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை மாலை எங்கள் கோவில் முற்றத்தில் குருத்தோலை வந்து இறங்கும். சிலுவை பின்னத் தெரிந்த பாட்டிமார் மூன்று பேர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பங்கிலும் யாராவது இருப்பார்கள், பங்குத்தந்தையிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிள்ளை பின்னிய சிலுவை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அதையே மந்திரித்து வீட்டு நிலைவாசலில் செருகி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனுக்கு அன்றிரவே காட்டுங்கள். ஓலை காய்ந்து பழுத்தபின் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முன் கோவிலில் கொண்டுவந்து கொடுத்தால், சாம்பலாக்குவதற்கு அது வேண்டும்.