பயண மயக்கத்தைத் தவிர்ப்போம்
(காப்பார் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்வது நம்மிடையே வழக்கம். தாப்பாவைக் கடந்து பேருந்து வளைந்து வளைந்து மலையேறத் தொடங்கியதும், பாட்டும் சிரிப்பும் அடங்கி, பிளாஸ்டிக் பை கேட்கும் குரல்கள் எழும். இதைச் சிலர் பித்தம் என்பர். சிலர் உடல் வலுவின்மை என்பர். வாந்தியெடுத்த பிள்ளையை அதட்டுவோரும் உண்டு. இது முறையன்று.

நம் உட்காதில் திரவம் நிறைந்த நுண்ணிய குழாய்கள் உள்ளன. தலையின் அசைவை மூளைக்கு அறிவிப்பவை அவையே. பேருந்து திரும்பும்போது, ‘அசைகிறோம்’ என்று காது அறிவிக்கிறது. முன்னிருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ நோக்கியிருக்கும் கண், ‘அசையவில்லை’ என்று அறிவிக்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதாலேயே தலைசுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். சாலையைப் பார்த்து, அடுத்த வளைவை முன்கூட்டியே அறியும் ஓட்டுநருக்கு இத்தொல்லை அரிதாகவே வருகிறது.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனே கடற்பயணக் குமட்டலால் அவதியுற்றவர். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் வந்த நம் முன்னோருக்கும் இத்தொல்லை புதிதன்று. 2 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இது எளிதில் வரும்.

தவிர்க்கும் வழி யாது? காது உணர்வதைக் கண்ணும் காணச் செய்வதே. பேருந்தின் முன்பகுதியில் அமருங்கள். தொலைவில் உள்ள சாலையைப் பாருங்கள். தலையை இருக்கையில் சாய்த்து அசையாமல் வையுங்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கேத்தாம் தீவுக்குப் படகில் செல்வோர் நடுப்பகுதியில் அமர்ந்து அடிவானத்தை நோக்கலாம். பயணத்தில் படிப்பதும் கைப்பேசி பார்ப்பதும் வேண்டா. குமட்டல் தொடங்கினால் கண்களை மூடி, நல்ல காற்றை ஆழ்ந்து இழுத்து விடுங்கள். வாந்தியெடுத்தவர் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும்.

எண்ணெய்ப் பண்டங்களையும் மதுவையும் தவிர்த்து, சிறிதளவு உண்டு புறப்படுங்கள். வாந்திக்கு அஞ்சி வெறும் வயிற்றோடு செல்வது பயன் தராது. குறிப்பாக நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்து நினைவிழக்கவும் நேரலாம். இது வாந்தியைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

மருந்தகங்களில் கிடைக்கும் மாத்திரைகளைப் புறப்படுவதற்கு ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்கு முன் உட்கொள்ள வேண்டும். குமட்டல் முற்றிய பின் விழுங்கினால் பயன் குறைவு. இவற்றுள் பெரும்பாலானவை உறக்கம் தருவன. ஆதலால் உட்கொண்டவர் மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. மரம் சீவும் கத்தியையும் எடுக்கலாகாது. சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்றோருக்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டா.

வண்டியை விட்டு இறங்கியபின் இத்தொல்லை பொதுவாகத் தணிந்துவிடும். தணியாவிட்டாலோ, கடுந்தலைவலி, நெஞ்சுவலி, கைகால் தளர்ச்சி ஆகியன சேர்ந்தாலோ, அதைப் பயண மயக்கமென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாந்திக்கு அஞ்சி, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய தவணை நாளைத் தவறவிடும் முதியவர் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். ஒருமுறை விட்ட தவணையால் நோய் முற்றிவிடலாம். அவரைச் சிறிது உண்ணச் செய்து, உடன் அழைத்துச் சென்று, முன்னிருக்கையில் அமர்த்துங்கள். அந்த இருக்கையில் இளைஞர் எவரேனும் அமர்ந்திருந்தால், எழுந்து இடம் கொடுங்கள்.