சிவப்பு யாருக்குச் சொந்தம்?

இந்த எபிசோடு பவர் பி.ஐ. தீம் பத்தி. "தீம்னா கலர் மாத்துறது, அதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு ரீஃபர் கன்டெய்னர் நிறைய உறைஞ்ச இறால் கெட்டுப்போகப் பார்த்த நாள் வரைக்கும்.

திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு கன்டெய்னர் யார்டுக்கு ரிப்போர்ட் செய்துகொடுக்கிற வேலை எனக்கு. பெயர் வேண்டாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ட்ரெய்லர் வரிசையைப் பார்த்திருப்பீங்களே, அந்த உலகம். ஏற்றுமதிக்குப் போற இறால், மீன் எல்லாம் ரீஃபர் பெட்டிகள்ல மைனஸ் 18 டிகிரியில பிளக் போட்டு நிக்கும். எந்தப் பெட்டியில சூடு ஏறுதுன்னு பார்க்க ஒரு பக்கம். வரம்பைத் தாண்டினா அந்தக் கட்டம் சிவப்பாகும். அவ்வளவுதான்.

நிறுவனம் லோகோவை மாத்தினாங்க. புது லோகோ சிவப்பு. எல்லா ரிப்போர்ட்டும் அதே நிறத்துல வரணும்னு உத்தரவு. நான் ஒரு ஜேசன் ஃபைல் எழுதி, நிறப் பட்டியல்ல லோகோ சிவப்பை முதல் இடத்துல வெச்சு, வியூ மெனுல போய் இம்போர்ட் பண்ணேன். பத்து நிமிஷ வேலை. பக்கம் அழகா இருந்துச்சு, பாராட்டும் கிடைச்சுது.

தீம் ஃபைல்ல நிறங்கள் ஒரு வரிசையா இருக்கும். வடிவமைக்கும்போது கலர் பெட்டியில இருந்து தீம் நிறத்தைத் தேர்ந்தெடுத்தா, பவர் பி.ஐ. ஞாபகம் வெச்சுக்கறது "சிவப்பு"ன்னு இல்ல, "பட்டியல்ல மூணாவது"ன்னு. பழைய தீம்ல மூணாவது சிவப்பு. என் புதுத் தீம்ல மூணாவது வெளிர் சாம்பல். அதனால சூடான பெட்டியோட கட்டம் வெளிர் சாம்பலாச்சு, பக்கத்துல இருந்த சாதாரண பார் சார்ட்டு முழுக்க லோகோ சிவப்பாச்சு. எதுக்குக் கவலைப்படணும், எதுக்கு வேண்டாம்னு தலைகீழா காட்டுது.

இன்னொரு ரிப்போர்ட்டுல நேரெதிர் கதை. அங்க யாரோ ஆறு எழுத்து ஹெக்ஸ் கோடையே கையால அடிச்சிருந்தாங்க. அதை எந்தத் தீமும் தொடாது. அந்தப் பக்கத்துல பழைய நிறம் அப்படியே நின்னுச்சு. நான் அதைப் பார்த்து "தீம் சரியா ஏறல"ன்னு திட்டிக்கிட்டிருந்தேன். உண்மையில அதுதான் ஒழுங்கா வேலை செய்தது.

மூணாவது நாள் ராத்திரி ஒரு பெட்டியில பிளக் லூஸாகி மைனஸ் 18 மைனஸ் 11 ஆயிடுச்சு. ஸ்க்ரீன்ல வெளிர் சாம்பல். ஷிஃப்ட் சூப்பர்வைசர் அண்ணன் வழக்கம்போல டார்ச்சோட ஒரு ரவுண்டு போனதால பெட்டியோட டிஸ்ப்ளேல நேரா பார்த்துட்டார். மறுநாள் அவருக்கு மெமோ: "ரிப்போர்ட்டைக் கவனிக்கலையா?"

நான் மெயில் போட்டேன், தப்பு என்னுடையதுன்னு. மெமோ திரும்பப் பெறப்பட்டது. அவர் என்கிட்ட ரெண்டு வாரம் சரியா பேசல. அது நியாயம்தான்.

பேச ஆரம்பிச்சப்போ அவர் சொன்னது எனக்கு எந்த ட்ரெய்னிங்லயும் கிடைக்காதது. அவர் காசிமேட்டுக்காரர், அப்பா கடலுக்குப் போனவர். "தம்பி, ஹார்பருக்குள்ள வரப்போ சிவப்பு மிதவை இடது கைப்பக்கம், பச்சை வலது கைப்பக்கம். படகு யாருதுன்னு பார்த்து அது மாறுமா?"

நான் வீட்டுக்கு வந்து தேடினேன். 1970கள்ல உலகத்துல 30க்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்திருக்கு. 1980ல ஒப்பந்தம் போட்டும் ரெண்டு மண்டலத்துக்குக் கீழ குறைக்க முடியல. இந்தியா இருக்கிற ஏ மண்டலத்துல சிவப்பு இடது. அமெரிக்கா இருக்கிற பி மண்டலத்துல அதே சிவப்பு வலது. ஆனா எந்த மண்டலம்னு வரைபடத்துலயே இருக்கும், மாலுமி ஊகிக்க வேண்டியதில்ல. காற்றுத் தரக் குறியீடும் இப்படித்தான்: 160ங்கிற எண் நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவுல மஞ்சள், அமெரிக்க அளவுல சிவப்பு. மணலியில இருந்துக்கிட்டு எந்த ஆப்பைத் திறக்கறோம்னு பார்த்துத்தான் பயப்படணும்.

இப்போ நாங்க செய்யறது. நிறுவன நிறம் தீமுக்குள்ள. எச்சரிக்கை நிறம் தீமுக்கு வெளியே. சூடு வரம்பைத் தாண்டுச்சான்னு பார்த்து ஹெக்ஸ் கோடைத் திருப்பித் தர ஒரே ஒரு மெஷர், எல்லாக் கட்டமும் அதையே கேட்கும். நாளைக்கு யார் எந்தத் தீம் போட்டாலும் அது அசையாது. லோகோ சிவப்பை நிறப் பட்டியல்லேருந்தே எடுத்துட்டோம், தலைப்புப் பட்டையில மட்டும் இருக்கு. பிராண்டு டீம் முதல்ல ஒத்துக்கல. கேட் கேபின்ல ஒட்டியிருந்த கருப்பு வெள்ளை பிரின்ட் அவுட்டைக் காட்டினேன், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். அப்புறம் பேச்சே இல்ல. அதுக்காகவே நிறத்தோட "சூடு"ன்னு ஒரு வார்த்தையும் கட்டத்துல வருது. நிறம் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்களுக்கும் அது உதவுது, அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

இன்னொரு விஷயம், இது எல்லாரும் மாட்டிக்கிற இடம். தீம் ஃபைலை இம்போர்ட் பண்ணா அதோட நகல் அந்த ரிப்போர்ட்டுக்குள்ள போய் உட்கார்ந்துடும். ஷேர்டு ஃபோல்டர்ல ஒரிஜினலைத் திருத்தினா எதுவும் தானா மாறாது. எங்ககிட்ட 14 ரிப்போர்ட். எதுல எந்த வெர்ஷன்னு ஒரு எக்செல் ஷீட் வெச்சிருக்கேன், தீம் பெயர்லயே வெர்ஷன் நம்பரும் இருக்கு. போரான வேலை, ஆனா அதைத் தவிர வழி கண்டுபிடிக்கல.

அண்ணன் இப்பவும் டார்ச் எடுத்துக்கிட்டு ரவுண்டு போறார். "சூடு"ங்கிற எழுத்து பிரின்ட்ல இன்னும் பெருசா வேணுமாம். அடுத்த வெர்ஷன்ல போட்டிருக்கேன்.