சைக்கிளை விட்டு இன்னும் இறங்கவா?



1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். அந்தக் கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டுமாம். அந்த வழக்கத்தை ஒழி என்று கேட்டார்கள்! கேட்டதற்கு என்ன கிடைத்தது? மே மாதம் அவர்கள் தலைவர் ஆர்.எச்.நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள்.

துரை கப்பலேறிப் போய்விட்டார். நாம் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறோம். அன்று துரைக்காக, இன்று துறைமுக லோரிக்காக!

தோட்டம் துண்டானபோது நம்மைக் கொண்டுவந்து போட்ட தாமான்களையும் அடுக்குமாடிகளையும் பாருங்கள். வாசலிலேயே ஆறு தட நெடுஞ்சாலை, எதிர்ப்புறம் பள்ளிக்கூடம். கடக்க வேண்டுமானால் தொலைவில் ஒரு ஜெஜாந்தாஸ், நடைமேம்பாலம். முழங்கால் வலிக்காரி சாமான் பையோடு அத்தனை படி ஏறி இறங்க வேண்டும். ஏறுவாளா? நடுத் தடுப்பில் கம்பி வேலியை யாரோ வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அதன் இரு பக்கமும் புல் தேய்ந்து செம்மண் தெரிகிறது. ஊராட்சி மன்றத்து ஆட்கள் வந்து அடைக்கிறார்கள், மறு வாரம் மறுபடி ஓட்டை. ஒழுக்கமில்லாத ஜனம் என்று திட்டுகிறார்கள். ஐயா, அந்த ஓட்டைதான் திட்டம்! எங்கே கடக்க வேண்டும் என்று மக்களே குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு சமிக்ஞை விளக்கு, வண்டி வேகம் குறைய ஒரு மேடு, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. இதற்கு எந்த நாட்டு நிபுணர் வர வேண்டும்?

நம்மால் முடியாததா இது? நம் கிள்ளான் கோத்தா பாலத்தைப் பாருங்கள். 1961-இல் திறந்தது. அப்போது மேல் தட்டு வண்டிகளுக்கு. கீழ்த் தட்டு முழுக்க நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும். விடுதலை பெற்ற கையோடு, அந்தப் புது நாடு, நடப்பவனுக்கு என்று ஆற்றின் மேல் தனித் தளமே போட்டது! இன்று பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரை கோடி கோடியாகக் கொட்டி எல்.ஆர்.டி. தண்டவாளம் நம் தலைக்கு மேல் போகிறது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க நிழலும் விளக்கும் உள்ள பாதை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தலைநகரம் என்ன வாழ்கிறது? 2018-இல் கோலாலம்பூர் நடு நகரில் நீலச் சாயம் பூசிச் சைக்கிள் தடம் போட்டார்கள். அதில் மோட்டார் ஓடியது, கார் நின்றது. அதே கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், பார்வையற்றோர் சங்கம் இருக்கும் இடம். அவர்கள் கோலால் தடவி நடக்க மேடு மேடாக மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு வடை வாங்கப் போகிறவன் வேறு யாருமில்லை, நம்மாள்தான். அதையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும்.

“இந்த வெயிலில் யார் நடக்கப் போகிறார்கள்?” என்று கேட்கிறார்கள். கார் வாங்க வழியில்லாதவர்கள் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஐயா. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று மரங்களை வெட்டியது யார்? முதலில் மரத்தை நடுங்கள், பிறகு வெயிலைப் பற்றிப் பேசலாம்.

இவ்வளவு துணிச்சலாக நம்மை ஒதுக்க அவர்களால் எப்படி முடிகிறது? மன்ற உறுப்பினருக்கு நம் ஓட்டு தேவையில்லை. ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தி வைத்தார்கள். 1976-இல் வந்த 171-ஆம் சட்டம் அதை ஒரேயடியாகப் புதைத்தது. உறுப்பினர்கள் நியமனத்தில் வருகிறார்கள். 2024-இல் கிள்ளான் அரச மாநகர் ஆனது. பெயர்ப்பலகை மாறியது, இந்த நியமன முறை மாறவில்லை. ஆனால் அதே 1976-இல் அடுத்த எண்ணில் ஒரு சட்டம் வந்தது: 172, நகர், ஊர்த் திட்டச் சட்டம். உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எழுத்தில் வரும் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அது. ஒரு சட்டம் ஓட்டுரிமையைப் பிடுங்கியது, அடுத்த சட்டம் வாயைத் திறக்க இடம் விட்டது. அந்த இடத்தில் இதுவரை யார் பேசினார்கள்? வீடு கட்டும் கம்பெனிகள் வக்கீலோடு போய்ப் பேசின. நாம் வீட்டில் உட்கார்ந்து புலம்பினோம்.

இனி வரைவு பார்வைக்கு வரும்போது சும்மா இருக்காதீர்கள். உங்கள் தெருவில் வேலி வெட்டிய இடத்தைப் படமெடுங்கள், வரைபடத்தில் புள்ளி வையுங்கள், இன்னது வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மலாயில் எழுத வராதவர்களுக்கு எழுதிக் கொடுக்க மேடைக்கு வலப்பக்கம் நம் பிள்ளைகள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நேரே அங்கே போங்கள். பெயரைக் கொடுக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.