நீரும் நெருப்பும் தந்த பெயர்



ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ காலைச் சந்தைக்குப் போகிறோம். கான்டனீஸ் பேசும் காய்கறிக்காரர் மூன்று விரலைக் காட்டி, ‘சாம்’ என்கிறார். மூன்று வெள்ளி என்று நமக்கு விளங்கிவிடுகிறது. எல்லை கடந்து தாய்லாந்துக்குப் போனால் அங்கும் மூன்றுக்குச் ‘சாம்’தான். இமயத்துக்கு அப்பால் திபெத்தில் அது ‘சும்’. அப்படியானால் சீனம், தாய், திபெத்தியம் ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா?

அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொல்லிவிடக் கூடாது. சீனமும் திபெத்தியமும் உறவுமொழிகள். பர்மியமும் அவற்றோடு சேரும். நானூறுக்கு மேற்பட்ட மொழிகளும், நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களும் அடங்கிய இக்குடும்பத்தைச் ‘சீன-திபெத்திய மொழிக் குடும்பம்’ என்பர். ஆனால் தாய்மொழியார், அதாவது தாய்லாந்து மக்கள், தம் எண்ணுப்பெயர்களைச் சீனத்திடமிருந்து கடனாகப் பெற்றவர்கள். அந்தக் கடனைப் பிறப்புரிமை என்று மயங்கி, அறிஞர் பலர் நெடுங்காலம் தாய்லாந்து மொழியையும் இக்குடும்பத்தில் சேர்த்தே எண்ணினர். 1942ஆம் ஆண்டில் பால் பெனடிக்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அதனைப் பிரித்துத் தனிக் குடும்பத்தில் வைத்தார்.

ஆகவே, ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. பிறகு எதுதான் சான்று? இந்தக் கேள்விக்கு விடை தேடி, இன்று நாம் பேரறியாத ஒரு சிறு மொழிக்கிளையைப் பார்க்கப் போகிறோம்.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பூட்டானுக்குக் கிழக்கே, அருணாசலப் பிரதேசம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதி மலைகளில் சில சிறு இனத்தார் வாழ்கின்றனர். ரூபா, செர்காவ்ன் ஆகிய ஊர்களில் செர்துக்பென் மக்கள். அவர்களுக்கு அண்மையில் சர்தாங் மக்கள். திராங் பள்ளத்தாக்கை ஒட்டிக் கிஸ்பி, துகும்பி என்னும் மொழிகளைப் பேசுவோர். சிங்சுங் பக்கத்தில் புகுன் மக்கள். 2006ஆம் ஆண்டில் ரமணா அத்ரேயா என்பவர் அக்காட்டில் கண்ட புதிய பறவையினம் ஒன்றை உலகுக்கு அறிவித்து, அதற்குப் புகுன் மக்களின் பெயரையே சூட்டினார். இன்னும் கிழக்கே, அடர்ந்த காடுகளில் சிதறி வாழ்பவர்கள் புரோயிக் மக்கள். பனையினத்து மரங்களின் தண்டைச் சிதைத்து, நீரில் அலசி எடுக்கும் மாவே அவர்களுடைய பழைய உணவு. சரவாக்கில் மெலனாவ் மக்கள் சாகு மாவு எடுப்பதை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இம்மொழிகள் அனைத்தையும் பேசுவோரைக் கூட்டினாலும் ஏறத்தாழ 15,000 பேர்தான் என்று 2000ஆம் ஆண்டை ஒட்டிய கணிப்புகள் கூறுகின்றன. துகும்பி மொழிக்கு உரியவர் சில நூற்றுவரே.

இம்மக்களை வெளியார் எப்படி வகுத்தனர் என்று பாருங்கள். கிஸ்பியரும் துகும்பியரும் பௌத்தர்கள். மோன்பா என்னும் பெரிய இனத்தாரின் அண்டையில் வாழ்பவர்கள். ஆதலால் அவர்களையும் மோன்பா என்றே கணக்கில் எழுதினர். ஆனால் அவர்கள் மொழியோ மோன்பாக்களின் மொழியன்று; செர்துக்பென், சர்தாங் மொழிகளுக்கே அது நெருங்கிய சுற்றம். புரோயிக் மக்களின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. அண்டை இனத்தார் சிலரிடம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். பிறர் இட்ட ‘சுலுங்’ என்ற பெயராலேயே நூல்களும் அவர்களைக் குறித்தன. தம்மை அவர்கள் அழைத்துக்கொள்ளும் பெயர் புரோயிக் என்பதே.

மதமும் அண்டையும் பதிவேடும் மொழியின் குடும்பத்தைக் காட்டமாட்டா. நமக்கும் இதில் அனுபவம் உண்டு. தமிழில் வடசொற்கள் கலந்திருந்ததைக் கண்டு, தமிழையும் வடமொழியின் வழிவந்ததென்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1816ஆம் ஆண்டில் எல்லிசும், 1856ஆம் ஆண்டில் கால்டுவெல்லும் வேர்ச்சொற்களையும் இலக்கண அமைப்பையும் ஒப்பிட்டுக் காட்டிய பின்னரே அந்த மயக்கம் தெளிந்தது. கடன் பெற்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, வீட்டுச் சொற்களைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் காட்டிய வழி.

அருணாசல மலைகளிலும் அதே வழிதான் உதவியது. கண், கை, நீர், நெருப்பு, ஒன்று, இரண்டு, வா, போ, சாவு போன்ற சொற்களை எந்த மக்களும் எளிதில் கைவிடுவதில்லை. ஜார்ஜ் வான் டிரீம் என்னும் டச்சு மொழியறிஞர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட இமயமலை மொழிகள் பற்றிய பெருநூலில், இம்மொழிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து அதற்குக் ‘கோ-புவா’ என்று பெயரிட்டார். ‘கோ’ என்றால் நீர். ‘புவா’ என்றால் நெருப்பு. இவை அம்மொழிகளின் பொதுச்சொற்களுக்கு அவர் கண்ட மூலவடிவங்கள். நெருப்பு, திபெத்தியத்தில் ‘மே’, பர்மியத்தில் ‘மீ’. அங்கெல்லாம் மகரம் நிற்கும் இடத்தில் இக்கொத்தின் மொழிகளில் பகரம் நிற்கிறது. குடும்பத்தில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு மச்சம் இவர்கள் எல்லோரிடமும் இருப்பதுபோல!

அதோடு முடிந்ததா? இல்லை. 2011ஆம் ஆண்டில் ரோஜர் பிளெஞ்ச் என்ற அறிஞர் ஒரு தடையை எழுப்பினார். அருணாசலத்தின் பல மொழிகளைச் சீன-திபெத்தியம் என்று பிறர் எடுத்துக்கொண்டார்களே தவிர மெய்ப்பிக்கவில்லை. புரோயிக் போன்றவை எந்தக் குடும்பத்தையும் சேராத தனிமொழிகளாகவும் இருக்கக்கூடும் என்றார். இது நியாயமான தடைதான். தாய்லாந்து மொழியின் கதையை அறிந்த நாம் இதனைத் தள்ளிவிட முடியுமா?

இனி, சந்தையில் கேட்ட ‘சாம்’ என்ற சொல்லுக்குத் திரும்புவோம். புரோயிக் மொழியில் மூன்று என்பதற்கு ‘உம்’ என்பர். உகரத்தை இதழ் குவியாமல், ‘காடு’ என்று பேசும்போது நாம் இறுதியில் ஒலிக்கும் உகரத்தைப் போல, சொல்லிப் பாருங்கள். ‘சும்’ என்பதில் சகரத்தை நீக்கினால் கிடைக்கும் ஒலி அதுதான். இது தற்செயலாக இருக்கலாமே என்பீர்கள். சரி, இன்னொரு சொல்லைக் கேட்போம். இறப்பதைக் கான்டனீசில் ‘செய்’ என்பர், ஹொக்கியனில் ‘சி’, திபெத்தியத்தில் ‘ஷி’. புரோயிக்கிலோ அது ‘ஈ’. இங்கேயும் முதலில் நிற்க வேண்டிய சகரத்தைக் காணோம்!

கடனாக வாங்கிய சொல் என்றால் தாய்லாந்தின் ‘சாம்’ போலச் சகரத்தோடு வந்திருக்கும். ஒரே ஒலி, ஒரே இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுச் சொற்களில் மறைகிறது என்றால், அது நெடுங்காலம் அம்மொழிக்குள்ளேயே நடந்த மாற்றத்தின் அடையாளம். ஒத்திருப்பதைவிட ஒழுங்காக மாறியிருப்பதே உறவுக்கு உறுதியான சான்று. இத்தகைய ஒழுங்குகளைத் திரட்டித்தான் இஸ்மாயில் லீபர்ஹெர் என்ற அறிஞர் 2015ஆம் ஆண்டில் புரோயிக்கைத் திபெத்திய-பர்மிய உறவில் வைத்து எழுதினார். 2017ஆம் ஆண்டில் அவரும் திமோதியஸ் போட் என்பவரும் நூறு அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு, கோ-புவாவுக்குள் புரோயிக், புகுன், மேலைக் கோ-புவா என்று மூன்று பிரிவுகள் காட்டினர். மேலைப் பிரிவில் செர்துக்பென், சர்தாங், கிஸ்பி, துகும்பி ஆகியவை அடங்கும்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. மேலைப் பிரிவின் எட்டு ஊர்ப்பேச்சுகளில், அதுவரை யாரும் எழுதி வைத்திராத சொற்கள் எப்படி இருக்கும் என்று போட்டும், யோகான்-மாத்திஸ் லிஸ்ட் என்ற அறிஞரும் ஒலிமாற்ற விதிகளைக் கொண்டே முன்கூட்டிக் கணித்தனர். கணிப்பை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு ஊர்களுக்குச் சென்று கேட்டுச் சரிபார்த்தனர். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சரியாக இருந்தது! கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும் வானநூலைப் போல, மொழிநூலும் தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டது.

நேயர்களே, அந்தச் சோதனை நடந்ததற்குக் காரணம், அந்த ஊர்களில் கேட்டவுடன் சொல்லைச் சொல்ல ஒரு பாட்டியோ ஒரு பெரியவரோ இருந்ததுதான். சில நூற்றுவர் பேசும் மொழி ஒரு தலைமுறையில் பெரிய மொழிக்கு இடம் விட்டு விலகிவிடக்கூடும். அப்போது, பிறரிடமிருந்து வந்த பெயரோடும் பிறர் எழுதிய பதிவோடும் மட்டுமே அம்மக்களின் வரலாறு நின்றுவிடும். தாங்கள் யார் என்று சொல்ல, புரோயிக் மக்களிடம் கல்வெட்டு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. இருப்பது அந்தச் சகரம் மறைந்த சிறு சொற்கள்தாம்.

அடுத்த முறை சந்தையில் ‘சாம்’ என்ற சொல் காதில் விழும்போது, தொலைவில் ஒரு மலைக்காட்டில் அதே சொல்லை ‘உம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களையும் நாம் நினைத்துக்கொள்வோம்.