விசிறி சுற்றியது, திரை வரவில்லை

சேலத்தில் வாங்கி வந்த உதிரிபாகங்களை எங்கள் பிளஸ் டூ மாணவர்களே பூட்டி, ஒரு கணினியை உருவாக்கினார்கள். சுவிட்சை அழுத்தியதும் விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசசரைப் பொருத்திய மாணவன், "நான்தான் சார் கெடுத்துட்டேன்" என்று ஒதுங்கி நின்றான்.

"யார் கெடுத்தது என்பதை விடு; எதுவரை வேலை செய்கிறது என்று பார்ப்போம்" என்றேன். மின்சாரத்தைத் துண்டித்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினோம். மதர்போர்டு, பிராசசர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை மட்டும் மிச்சம். மானிட்டர் கேபிளைப் பார்த்தோம். ராமைக் கழற்றி அழுத்திப் பொருத்தினோம். பிறகு வேறு ஸ்லாட்டில் மாற்றினோம். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். ஒவ்வொன்றையும் அவனே நோட்டில் எழுதினான்.

நான்காவது வரியில் அகப்பட்டது. மதர்போர்டுக்கான 24 பின் கேபிள் செருகியிருந்தது. அதனால்தான் விசிறி சுற்றியது. பிராசசருக்கென்று தனியாக வரும் 8 பின் கேபிளைச் செருகவே இல்லை. செருகியதும் திரை ஒளிர்ந்தது, அவன் முகமும்தான்.

வாசிக்கத் திணறும் பிள்ளையை "மண்டையில் ஏறாது" என்று முடிவு கட்டும் முன், நாமும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாமே: கரும்பலகை தெரிகிறதா? எந்த எழுத்தில் தடுமாறுகிறான்? காலையில் சாப்பிட்டானா? பல சமயம் செருகாத கேபிள் ஒன்றுதான் இருக்கும்.